அரிசியில் சுட்ட அப்பம்

ஹேரான் தட்டை மேசையில் அடித்த வேகத்தில் அப்பம் இரண்டாக உடைந்தது.

“எட்டு மாசமா என் பொண்ண அரிசி அப்பளத்துக்கு முட்டி போட வெச்சிருக்கீங்களே, அக்கா!”

மோக்போ துறைமுகத்துக்கு மேலே எங்கள் கத்தோலிக்கக் கோவில். பூசைக்குப் பலிபீடத்தில் அப்பமும் திராட்சை ரசமும் எடுத்து வைப்பது என் வேலை. ஹேரானின் மகள் மிரேவுக்குக் கோதுமை ஆகாது; துணுக்கு போனாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். அதனால் அவள் புது நன்மையாக முதன்முதலில் பூசை அப்பம் வாங்கிய நாளிலிருந்து, அவளுக்கு மட்டும் யாரிடமும் சொல்லாமல் அரிசி மாவில் அப்பம் சுட்டு வைத்தேன். கோதுமைச் சத்து குறைத்த அப்பம் என்று குவோன் சாமியாரும் நம்பினார். எங்கே வாங்குகிறீர்கள் என்று ஹேரான் இன்று கேட்டாள். நானே சுடுகிறேன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

“சாமியார் வசனம் சொன்னா அப்பம் ஆண்டவரா மாறிடுதே. அரிசின்னா என்ன?”

“மாறாது! ஆண்டவர் கையில எடுத்தது கோதுமை அப்பம். அரிசியில சொன்ன வசனம் காத்தோட போச்சு. ஞானோபதேச வகுப்புல தூங்கிட்டிருந்தீங்களா?”

எனக்கும் கோபம் பொங்கியது. “அப்போ கோதுமையத் தின்னுட்டுப் புள்ள துடிக்கட்டுமா? ஆண்டவரா மாறினது வயித்த ஏன் கிழிக்குது?”

கேட்டேனே தவிர, பதில் எனக்கே தெரியும். மாறுவது அது உள்ளுக்குள் என்னவாக இருக்கிறது என்பது மட்டும்தான். நிறம், மணம், ருசி, குடலில் செய்யும் வேலை எல்லாம் அப்பத்துக்கு உள்ளபடியே இருக்கும். ரசமும் அப்படித்தான், மீந்ததை எல்லாம் குடிக்கிற சாமியாருக்குத் தலை சுற்றாமல் இருக்காது.

“கிண்ணத்துல குடுத்திருக்கலாமே! ரசத்துலயும் ஆண்டவர் முழுசாத்தான இருக்கார்? ஒரு வார்த்தை கேட்டீங்களா? என் பொண்ணுக்கு இன்னிக்கு வரைக்கும் ஆண்டவரே போய்ச் சேரலையே!”

நானே போய்ச் சாமியாரிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. “இனிமே அந்த அடுப்புப் பக்கமே போகாதீங்க” என்று மட்டும் பல்லைக் கடித்தபடி சொன்னார்.

ஞாயிறன்று பீடத்தில் இரண்டு கிண்ணங்கள். தன் கிண்ணத்து ரசத்தில் சாமியார் பூசை முறைப்படி கோதுமை அப்பத் துண்டு ஒன்றைப் போடுவார். ஆகவே மிரேவுக்குத் தனிக் கிண்ணம். அவள் ஒரு வாய் குடித்தாள். புளிப்பில் முகம் கோணியது. ஹேரான் அழுதாள்.

பூசை முடிந்ததும் நேராக என்னிடம் வந்தாள்.

“கிண்ணம் துடைச்ச துணி அப்பத் தட்டுல பட்டதா?”

“புதுசு, ஹேரான்.”

“காட்டுங்க.”

கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

“இனி இத நானே துவைச்சுக் கொண்டு வர்றேன்.”