பூமி அதிர்ந்த வாரம்

திங்கட்கிழமை விடியுமுன் பூமி அதிர்ந்தது. கொய்னா அணைப் பக்கம் வீடுகள் இடிந்து பலர் செத்துப்போனதாக மறுநாள் பேப்பரில் வந்தது. பம்பாயில் அலமாரிப் பாத்திரங்கள் உருண்டதோடு சரி. ஆனால் தாராவித் தமிழ்ப் பள்ளியில் கனகவள்ளி டீச்சர் இரண்டு மாதமாகப் போட்டிருந்த திட்டம் ஆட்டம் கண்டுவிட்டது.

ஏழாம் வகுப்புப் பெண்கள் பதினெட்டுப் பேரை அந்த ஞாயிற்றுக்கிழமை வேனில் கார்லாவுக்குக் கூட்டிப்போவதாக இருந்தாள். கண்டாலா மலைப்பாதையில் நிறுத்திப் பள்ளத்தாக்கைக் காட்டுவது. பிறகு பாறையைக் குடைந்த புத்தர் கோயில், பிக்குகள் தங்கிய மடத்து அறைகள். ஊருக்கு ரயிலில் போகும்போது ஜன்னல் வழியாக மலையைப் பார்த்ததோடு சரி, அந்தப் பிள்ளைகள்.

புதன்கிழமை ஹெட்மாஸ்டர் வானமாமலை கூப்பிட்டார்.

"நாலு வீட்ல பிள்ளைய அனுப்ப மாட்டோம்னுட்டாங்க. குகைக்குள்ள இருக்கும்போது மறுபடி ஆடிச்சுன்னா யாரம்மா பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் சார்."

அன்று சாயங்காலம் பள்ளிக்கூட கேட்டில் இசக்கியம்மாள் காத்திருந்தாள். முறுக்கு சுட்டு விற்கிறவள். அவள் மகள் சண்முகவடிவு அந்த வகுப்பில்தான் படித்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கேன். அந்தக் குகை நல்லா நிக்கா, விரிசல் கிரிசல் விட்டுருக்கா? நீங்க பாத்தீங்களா?"

கனகவள்ளி அந்தக் குகையை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மேப்பிலும் புத்தகப் படத்திலும் பார்த்ததுதான். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்ல. நாளைக்கு லீவு போட்டுட்டுப் போய்ப் பாத்துட்டு வரேன்."

"அப்ப நானும் வாரேன்" என்றாள் இசக்கியம்மாள்.

வேன்காரர் அபுதாஹிர் வியாழக்கிழமை பூனாவுக்குத் தோல் கொண்டுபோகிறவர். இருவரையும் முன் சீட்டில் ஏற்றிக்கொண்டார். நோன்பு மாதம், வழியெல்லாம் எச்சிலைக்கூட விழுங்காமல் ஓட்டினார். தாணே, பன்வேல் தாண்டிக் கண்டாலா ஏற்றத்தில் வேன் முனகியபோது, கனகவள்ளி ஓரத்துக் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எது உருளும், எது உருளாது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கார்லா அடிவாரத்தில் இறக்கிவிட்டு, "மூணு மணிக்கு இங்கயே நில்லுங்க டீச்சரம்மா" என்று சொல்லிப் போனார்.

இருவரும் படி ஏறிக் குகைக்குள் நுழைந்தார்கள். இரண்டு வரிசைத் தூண்கள். மேலே வளைந்த கூரையில் எத்தனையோ நூற்றாண்டு பழைய மரச் சட்டங்கள். கனகவள்ளி சுவரைத் தடவித் தடவி விரிசல் தேடினாள். இசக்கியம்மாள் நேரே கடைசிவரை நடந்து ஸ்தூபியின் பின்னால் போனாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம். இடிபோல ஆரம்பித்துக் குகை முழுக்க உருண்டது. தலைக்கு மேல் என்னவோ படபடவென்று பிரிந்து வந்தது. கனகவள்ளி ஓடினாள். வெளியே வெயிலில் வந்து நின்ற பிறகுதான், தான் தனியாக வந்துவிட்டதை உணர்ந்தாள்.

குகை வாசலை ஒட்டிய ஏகவீரா அம்மன் கோயிலில் யாரோ முரசு அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்குப் பயந்து குகைப் புறாக்கள் மொத்தமாகப் பறந்திருந்தன. அவ்வளவுதான்.

திரும்ப உள்ளே போனாள். இசக்கியம்மாள் ஒரு தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இசக்கியம்மா, நான் உங்கள விட்டுட்டு ஓடிட்டேன்."

"பாத்தேன்."

"பிள்ளைங்க இருந்திருந்தாலும் ஓடியிருப்பேனோ என்னவோ. வேண்டாம். ஹெட்மாஸ்டர்ட்ட சொல்லி நிறுத்திடறேன்."

இசக்கியம்மாள் தூணை விட்டுவிட்டுச் சேலையில் ஒட்டிய புழுதியைத் தட்டினாள்.

"எனக்குக் கால் வரல டீச்சர். வந்திருந்தா உங்களுக்கு முந்தி நான் ஓடிருப்பேன்" என்றாள். பிறகு, "மொத்தமா உள்ள விடாண்டாம். ஆறு ஆறு பேரா விடுவோம். நீங்க உள்ள நில்லுங்க, நான் வாசல்ல நிக்கேன். என்னன்னாலும் ஒரு குரல் குடுக்கேன். மடத்து மாடி ரூமுக்கு ஒருத்தியும் ஏறக் கூடாது."

"நீங்க வருவீங்களா?"

"எம் மகள அனுப்பிட்டு வீட்ல முறுக்கா சுடுவேன்?"

ஞாயிற்றுக்கிழமை பதினொரு பெண்கள்தான் வந்தார்கள். மலைப்பாதையில் இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். பள்ளத்தாக்கைப் பார்க்க இறங்கியபோது எல்லோரும் கைகோத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்றாள் கனகவள்ளி. அவர்கள் சிரித்துக்கொண்டே நின்றார்கள். குகையில் அவள் தூணையும் பார்க்கவில்லை, சிற்பத்தையும் பார்க்கவில்லை. தலைகளை எண்ணிக்கொண்டே இருந்தாள். மடத்தின் கீழ் அறைகளில் இருந்த கல் படுக்கைகளில் பிள்ளைகள் மாறி மாறிப் படுத்துப் பார்த்தார்கள். "தலாணி இல்லாம எப்படி டீச்சர் தூங்குனாங்க?" என்று ஒருத்தி கேட்டாள். வாசலில் இசக்கியம்மாள் கடைசிவரை உட்காரவே இல்லை.

திரும்பும்போது பன்வேலில் அபுதாஹிர் வேனை நிறுத்தி நோன்பு திறந்தார். அவர் பேரீச்சம்பழம் தின்று தண்ணீர் குடித்து முடிக்கும்வரை யாரும் சொல்லாமலே பிள்ளைகள் அமைதியாக இருந்தார்கள்.

தாராவியில் தாய்மார்கள் கேட்டை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொருத்தியாக இறக்கி, அவரவர் கையில் ஒப்படைத்தாள் கனகவள்ளி. பதினோராவது பெண்ணும் போன பிறகு வேனின் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இசக்கியம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வேனை எடுக்க வேண்டும் என்று அபுதாஹிரும் அவசரப்படுத்தவில்லை.