துப்பாக்கிக்குக் கட்டிய மஞ்சள் கயிறு

கேட்டுக்குங்க, தாமரைக்கு உலகத்திலேயே பிடித்தது காதுக் கவசத்தை மாட்டியதும் வருகிற அமைதிதான். போர்ட் கிள்ளானில் வாரமெல்லாம் கிரேன் மேலே உட்கார்ந்து கண்டெய்னர் தூக்குகிறவள். ஞாயிறு காலை பூச்சோங் சுடுதளத்துக்கு வந்து கவசத்தை மாட்டினால் போதும், லோரி, ஹாரன், சூப்பர்வைசர் எல்லாம் தண்ணிக்கு அடியில் போய்விடும். மூட்டம் விலகாத மண்மேட்டுக்கு முன்னால் அட்டை இலக்குகள் மிதக்கும். அவளும் மிதப்பாள்.

இன்றைக்குத்தான் மிதக்க முடியவில்லை. மாநில அணியில் புரொடக்‌ஷன் பிரிவுக்கு ஒரே ஓர் இடம் காலி. இன்று நன்றாகச் சுட்டால் அது அவளுக்கு. அந்தப் பிரிவில் துப்பாக்கி கடையில் வாங்கின மாதிரியே இருக்க வேண்டும். குறி பார்க்கிற முள்ளை மாற்றலாம், பிடியில் சொரசொர டேப் ஒட்டலாம், அதோடு சரி. மேலே எதையாவது சேர்த்தால் ஓப்பன் பிரிவில் தூக்கிப் போடுவார்கள். அங்கே லென்ஸும் குழலுமாகச் சிங்காரித்த துப்பாக்கிகளோடு மோத வேண்டும். அணியாவது, மண்ணாவது!

போட்டிக்கு முன் துப்பாக்கிகளைச் சரிபார்க்கும் சோதனை மேசையில் உஷாராணி உட்கார்ந்திருந்தாள். இருவரும் ஒன்றாகக் கிளப்பில் சேர்ந்தவர்கள், பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக்கும் ஒன்றாகவே போகிறவர்கள். விசையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு உஷாராணி தாமரையின் துப்பாக்கியைத் திருப்பினாள். பிடியின் மேல்பக்கம் மஞ்சள் கயிறு சுற்றியிருந்தது. பக்கவாட்டில் ஒரு முடிச்சு.

"என்னடி இது?"

"சாமி கயிறு லா. ஆயுத பூஜைக்குக் கட்டினது."

யோசனை தாமரையின் புருஷன் தம்புசாமியுடையது. தன் லோரி டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டே, "இந்த வீட்டுல நிஜ ஆயுதம் வெச்சிருக்கிறது நீ ஒருத்திதான். அதுக்குப் பூஜை இல்லையா?" என்று சிரித்தான். துப்பாக்கிதான் கிளப் பெட்டகத்தைத் தாண்டி வீட்டுக்கு வராது. டிபன் டப்பாவில் சந்தனம், குங்குமம், கயிறு எல்லாம் கொண்டுபோய் அங்கேயே பூஜை போட்டாள். அன்றிலிருந்து சுட்டதெல்லாம் நடுவில் விழுந்தது. எல்லாம் அம்மன் அருள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

உஷாராணி தன் கட்டை விரலை அந்த முடிச்சின்மேல் வைத்துப் பார்த்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

"தாமரை, உன் விரல் நகராம இது பிடிச்சு நிறுத்துது. இதுக்குப் பேரு தம்ப் ரெஸ்ட். இந்தப் பிரிவுல கூடாது. அறுக்கிறியா, ஓப்பனுக்குப் போறியா?"

தாமரைக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குதான் சிவக்கும். "சாமி காரியத்துல ரூல் பேசுறியே, நீயெல்லாம் ஒரு சிநேகிதியா?"

"எனக்கும் அதே சாமிதான்டி. அதுக்குப் பயந்துதான் சொல்றேன்." சொல்லிவிட்டு உஷாராணி கத்தரிக்கோலை நீட்டினாள்.

பாழாய்ப்போன ரூல்! அருள் போய்விடுமோ என்பதுகூடத் தாமரைக்குப் பெரிதாகப் படவில்லை. இத்தனை மாதம் சுட்டது நானா, இந்த முடிச்சா? அந்தக் கேள்விதான் குடைந்தது. கயிற்றை அறுத்தாள், கண்ணில் ஒற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவள் முறை வந்தது. கவசத்தை மாட்டினாள். சுடத் தொடங்கச் சொல்லும் பீப் ஒலி எங்கோ அக்கரையில் கேட்டது. கால்கள் தாமாக நடந்தன. மண்மேட்டின்மேல் வெயில் சந்தனம் பூசியிருந்தது. முடிச்சு இல்லாமலேயே கட்டை விரல் வழக்கமான இடத்துக்குப் போய், யாரையும் கேட்காமல் உட்கார்ந்துகொண்டது. அட்டைகள் ஒவ்வொன்றாக அவளருகே வந்து நின்ற மாதிரி இருந்தது. இலக்காக நின்ற இரும்புத் தட்டுகள் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர்களைப்போல் மெல்லச் சாய்ந்தன. எப்போது முடிந்ததென்றே தெரியவில்லை. துப்பாக்கியைக் காலி செய்து காட்டச் சொல்லி அதிகாரி மறுபடியும் கத்த வேண்டியிருந்தது.

சாயங்காலம் திரையில் பெயர் வந்தது. அணியில் அவள் இருந்தாள்.

நேராகச் சோதனை மேசைக்குப் போய் உஷாராணி முன்னால் கையை விரித்து நீட்டினாள். மூக்கில் இன்னும் சிவப்பு போகவில்லை.

"இதையும் செக் பண்ணிக்கோ."

உஷாராணி குனிந்து பார்த்தாள். கட்டை விரலின் உள்பக்கம், முடிச்சு அழுத்திய இடத்தில், பட்டாணி அளவுக்குக் காய்ப்பு காய்த்திருந்தது. அதை மெல்லத் தடவினாள். கண் நிறைந்துவிட்டது.

"கைக்கு ரூல் இல்ல லா," என்றாள். பிடித்த கையை விடவில்லை.