பெட்டி முந்திக்கொண்ட பயணம்

கிட்ட வாருங்கள் பிள்ளைகளே, இன்னும் கொஞ்சம் கிட்ட. கால்களைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். பனியைப் பார்க்கப் புறப்பட்டுப் பனியிலேயே சறுக்கி விழுந்த ஒருத்தியின் கதை சொல்லப்போகிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். முதலில் சிரித்தவள் அவள்தான்.

லண்டன் அப்டன் பார்க் யோகமலர் போகாத நாடில்லை. பார்த்த நாடும் இல்லை. பாரிஸ் என்றால் அவளுக்கு மச்சாளின் குசினி. டொரொண்டோ என்றால் அண்ணை வீட்டு நிலக்கீழ் அறை. கலியாணவீடு, பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, செத்தவீடு என்று எங்கே போனாலும் கோட்டைக் கழற்றுமுன் கையில் கத்தியும் வெங்காயமும் வந்துவிடும். ஈபிள் கோபுரத்தை மச்சாளின் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த படத்தில்தான் வடிவாகப் பார்த்தாள். சொந்தக்காரர் ஒருவருமே இல்லாத ஊருக்கு ஒருமுறையாவது போய்விட வேண்டும்; அவளுக்கு வேறு ஆசை இல்லை.

கணவர் ஞானேஸ்வரன் தேடிப் பிடித்தது ஜப்பானின் வடக்கே உள்ள ஹொக்கைடோ. பெப்ரவரியில் அங்கே பனியால் மாளிகை கட்டி விழா எடுப்பார்களாம். கடலில் மிதக்கும் பனிக்கட்டிகளை உடைத்துக்கொண்டு கப்பல் போகுமாம். மிருகக்காட்சிச்சாலைப் பென்குயின்கள் சுவாமி வீதியுலாப் போலப் பனியில் வரிசையாக நடக்குமாம். வெட்டவெளி வெந்நீர் ஊற்றில் குளிக்கலாமாம், ஆனால் உடம்பில் நூல்கூட இருக்கக்கூடாதாம்.

"நான் பாவாடைக் குறுக்குக்கட்டோடைதான் இறங்குவன். வேணுமெண்டால் பொலிசைக் கூப்பிடட்டும்" என்றாள் யோகமலர்.

கோயிலில் எல்லோருக்கும் ஒரே கேள்வி. "அங்க ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"பின்னை ஏன் போறியள்?"

விமானம் திங்கள் மதியம். வீட்டிலிருந்து காலை எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். எட்டு மணியோ ராகுகாலம். யோகமலர் அதற்கும் வழி வைத்திருந்தாள். நல்ல நேரத்தில் பெட்டியை இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஆகவே ஞாயிறு காலையே இரண்டு பெட்டிகளும் பக்கத்து ஃபாரஸ்ட் கேட்டில் இருந்த மலேசியச் சிநேகிதி நீலவேணியின் வீட்டுக்குப் போய்விட்டன. தடித்த கோட்டு, கம்பளித் தொப்பி, கையுறை, முள் வைத்த பனிச் சப்பாத்து, அன்றாடச் சப்பாத்து எல்லாம் அவற்றுக்குள்ளே.

அன்று பின்னேரம் லண்டனில் பனி கொட்டத் தொடங்கியது. அந்த 2009ஆம் ஆண்டுப் பனி உங்கள் அம்மா அப்பாமாருக்கு ஞாபகம் இருக்கும். விடிந்து பார்த்தால் பஸ் இல்லை, டாக்ஸி இல்லை, தெருவே இல்லை. பெட்டிகளை ஏற்றி வரவேண்டிய நீலவேணியின் கார் வெள்ளை மேடாகக் கிடந்ததாம். பனிக்கென்றே கடை கடையாக ஏறி இறங்கிச் சாமான் வாங்கிய யோகமலரின் காலடியில் மிஞ்சியிருந்தது குளியலறைச் செருப்பு மட்டும்.

பெட்டியில்லாமல் விமானம் ஏற ஏலாது. இரண்டு சோடி காலுறை போட்டு, செருப்பையும் மாட்டி, அதற்கு மேல் மரக்கறிக் கடைப் பிளாஸ்டிக் பைகளைக் கட்டிக்கொண்டு அவள் வெளிக்கிட்டாள். ஞானேஸ்வரன் பின்னால் குடை பிடித்துக்கொண்டு வந்தார். ராகுவையும் குளிரையும் ஒன்றாகத் திட்டிக்கொண்டு கிரீன் ஸ்ட்ரீட்டில் பாதி தூரம் போனவள், மரக்கறிக் கடை வாசலில் சறுக்கித் தொப்பென்று இருந்துவிட்டாள்.

பனியை வாரிக்கொண்டிருந்த கடைக்கார அம்பலவாணன் சவளோடு ஓடிவந்தான். "அக்கா! நீங்கள் ஜப்பானுக்குப் போகேல்லையோ?"

"போய்க்கொண்டுதானடா இருக்கிறன்" என்றாள் அவள், இருந்தபடியே. பிறகு தன் காலில் கட்டியிருந்த பையில் அவன் கடைப் பெயரைப் பார்த்ததும் அவளுக்கே சிரிப்பு அடக்க முடியவில்லை.

நீலவேணி கதவைத் திறந்தாள். "என்னாக்கா இது கோலம்! உள்ள வாங்க லா. டீவி பாத்தீங்களா? உங்க பிளேன் கேன்சல்."

ஞானேஸ்வரன் பயண முகவருக்குப் போன் எடுத்தார். வியாழக்கிழமை இரவு விமானத்தில் இடம் இருக்கிறதாம். இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவார்களாம். அதற்குள் யோகமலரின் கைபேசி அடித்தது. டொரொண்டோ அண்ணை.

"தங்கச்சி, இது சகுனமெல்லோ. அதை விட்டிட்டு இஞ்ச வாங்கோ. சின்னவளின்ர சாமத்தியவீடு வருகுது, சமையலுக்கு ஆள் இல்லை."

யோகமலர் காலில் கட்டியிருந்த பைகளைக் குனிந்து பார்த்தாள். சகுனம் பார்ப்பவள்தான் அவள். பார்த்துப் பார்த்துத்தான் பிளாஸ்டிக் பையோடு வந்து நிற்கிறாள்.

"அண்ணை, வியாழக்கிழமை போறன். பிள்ளைக்கு என்ர ஆசீர்வாதத்தைச் சொல்லுங்கோ."

"வியாழன் மத்தியானம் ரெண்டு மணிக்கு வெளிக்கிட வேணும். அப்பவும் ராகுகாலம்" என்றார் ஞானேஸ்வரன் மெதுவாக.

"கிடக்கட்டும். பெட்டி இந்தமுறை என்னோடை வரட்டும்."

வியாழன் மாலை விமான நிலைய வரிசையில் அவள் நின்றபோது, பக்கத்து டொரொண்டோ வரிசையிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "நீங்கள் தமிழோ? எந்த ஊர்?"

யோகமலர் தமிழே தெரியாதவள்போல விழித்தாள். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலிக்கொடி, வாயில் மட்டும் இங்கிலிஷ், "சொறி?"

அந்தப் பெண் குழம்பிப்போய்த் திரும்புகிற நேரம் பார்த்து, முன்னாலிருந்து ஞானேஸ்வரன் கத்தினார். "இஞ்சரும்! பாஸ்போட்டைத் தாரும்!"

இனி என்ன செய்வது? யோகமலர் வெட்கத்தோடு சிரித்தாள். "தமிழ்தான் தங்கச்சி. ஹொக்கைடோவுக்குப் போறம். அங்க எங்களுக்கு ஒருத்தரும் இல்லை."

அந்தப் பெண் தன் வரிசையைப் பார்த்தாள். தன் கையிலிருந்த கலியாணவீட்டுப் பலகாரப் பெட்டியைப் பார்த்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள்.

"குடுத்துவைச்சனீங்கள், அக்கா."

என் செல்லங்களே, உங்கள் வீட்டில் விருந்தாளி வரும் நாளெல்லாம் உலை நிறையக் கொதிக்கட்டும். ஒருவரும் வராத நாளில் கால் நீட்டிப் படுக்க இடமும் இருக்கட்டும். எல்லோரும் நல்லாயிருங்கள்.