வெள்ளைத் தந்த யானை

வருடம் பிறந்த முதல் வாரத்தில், சின்ன அறைச் சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகையில் மாதவாரியாகக் கட்டம் போட்டு எழுதி முடித்துவிட்டு, பல்லக்கா இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்தாள். திட்டம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவளுக்கு வேலை செயற்கைப் பல் செய்வது. பல் மருத்துவர்கள் அனுப்புகிற அச்சைப் பார்த்து, பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போகிற நிறத்தில் பீங்கான் பல் செய்து தருவாள். சொந்தக்காரர்கள் வைத்த பெயர்தான் பல்லக்கா. பகலெல்லாம் பல்லுக்கு நிறம் தீட்டிவிட்டு, வீட்டுக்கு வந்தால் கட்டைவிரல் உயரச் சிப்பாய் பொம்மைகளுக்கு நிறம் தீட்டுவாள். ஒரு பக்கம் ரோமானியர், இன்னொரு பக்கம் அந்தக் காலத்தில் யானைப்படையோடு வந்து அவர்களோடு மோதிய கார்த்தேஜ்காரர். தீட்டி முடித்த படைகளை மேஜையில் நிறுத்தி, அளவுகோல் வைத்து நகர்த்தி, பகடை உருட்டிப் பழைய போர்களை மறுபடி நடத்துகிற ஒரு குழு ஞாயிறுதோறும் நூலக மாடியில் கூடும். அதில் அவளும் ஒருத்தி.

ஒரே குறை, வாங்குகிற வேகத்துக்குத் தீட்டுகிற வேகம் ஈடுகொடுக்கவில்லை. அலமாரியில் வெறும் சாம்பல் நிறச் சிப்பாய்கள் மலையாகக் குவிந்து கிடந்தார்கள்.

"இந்த வருஷம் புதுசா ஒரு குதிரைகூட வாங்கமாட்டேன்," என்றாள் கணவரிடம்.

"போன வருஷமும் இதேதான் சொன்ன."

"போன வருஷம் வாயால சொன்னேன். இப்ப பலகையில எழுதியிருக்கேன், பாருங்க."

முதலில் ரோமானியக் காலாட்கள், மார்ச்சில் யானைகள், பிறகு கூலிப்படை, கூடாரங்கள். டிசம்பரில் நூலக மாடியில் பெரும்போர்.

ஜனவரி முடிவதற்குள் கணவரின் தங்கை பெட்டியோடு வந்து நின்றாள். ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகளுக்குச் சீட்டுப் போட்டு வரிசையில் அனுப்புகிற வேலை அவளுக்கு. புகுந்த வீட்டில் அவள் எதை உடுத்த வேண்டும், யாரோடு பேச வேண்டும் என்பதையெல்லாம் மற்றவர்களே முடிவு செய்தார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கிளம்பி வந்துவிட்டாள்.

அவளுக்குக் கொடுக்க சின்ன அறையைத் தவிர வேறு இடமில்லை. போர் மேஜையை மடக்கி ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சாய்த்தார்கள். படைகள் அட்டைப்பெட்டிகளில் ஏறி அலமாரி உச்சிக்குப் போயின. "இதுக்கென்ன, பரவாயில்ல," என்று பல்லக்கா வாய் நிறையச் சொன்னாள். மனசு மட்டும் உம்மென்று இருந்தது. வந்தவளைக் குறை சொல்ல முடியாது, தன் வருடம் போனதையும் தாங்க முடியவில்லை. அப்படி நினைத்ததற்காகத் தன்மீதே கோபம் வந்தது.

நாத்தனார் வேலைக்குப் போவாள், வருவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். அவ்வளவுதான். பலகை மட்டும் அந்த அறைச் சுவரிலேயே இருந்தது. அதைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு விடுமுறைக் காலையில் மடித்த துணிகளைக் கொடுக்கப் பல்லக்கா அறைக்குள் போனாள். நாத்தனார் கட்டிலில் உட்கார்ந்து பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, மார்ச்ல யானைன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"இப்ப மே மாசம். யானை வரவே இல்லையே?"

பல்லக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாற்காலி போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினாள். நாத்தனார் ஒரு யானையை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் ஒண்ணு தீட்டட்டுமா?"

சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்து இருவரும் உட்கார்ந்தார்கள். நாத்தனார் கை நடுங்காமல்தான் தீட்டினாள். ஆனால் தந்தத்துக்கு அடித்தாள் பாருங்கள் ஒரு வெள்ளை, பற்பசை விளம்பரம் தோற்றது!

அதைப் பார்த்ததிலிருந்து பல்லக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாழ்க்கை முழுக்கப் பல்லின் நிறத்தைப் பார்த்தே பிழைப்பவள். இவ்வளவு வெள்ளையான பல் எந்த உயிருக்கும் கிடையாது. நாத்தனார் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், சும்மா ஒரு தீற்றுதானே என்று கொஞ்சம் மஞ்சளும் அடியில் கொஞ்சம் பழுப்புமாகத் தந்தங்களைச் சரிசெய்துவிட்டாள். அசல் தந்தம் மாதிரியே வந்தது. திருப்தியாக இருந்தது.

சாயங்காலம் வந்தவள் பையைக்கூட இறக்காமல் நின்றாள். "என் யானையத் தொட்டீங்களா?"

"லேசா... நிறம் கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு, அதான்."

"எல்லாரும் இப்படித்தான் அண்ணி. நான் செஞ்சத எடுத்து, கொஞ்சம் சரிபண்ணிட்டு, இப்ப நல்லாருக்கு பாருன்னு என்கிட்டயே காட்டுவாங்க." சத்தம் போடவில்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பல்லக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கணவர் வாய் திறக்கப் போனபோது, "நீங்க சும்மா இருங்க, இது என் தப்பு," என்று அடக்கினாள். வெள்ளைக் குப்பியையும் ஒரு தூரிகையையும் ரோமானியப் பெட்டி மொத்தத்தையும் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள்.

"தந்தத்த நீயே மறுபடி வெள்ளையாக்கிடு. இந்தா, ரோமானியப் படை. பாதிக்குமேல வெறும் சாம்பல்தான். இனிமே இது உன்னோடது. ரோஸ் கலர்ல கேடயம் போட்டாலும் நான் மூச்சு விடமாட்டேன்."

"நிஜமா?"

"வயித்த வலிக்கும். ஆனா மூச்சு விடமாட்டேன்."

நாத்தனார் பெட்டியை வாங்கிக்கொண்டாள். உதட்டோரம் லேசாக அசைந்தது.

அதன்பிறகு பலகையில் பாதி கட்டங்களை அழித்து இருவருமாக மறுபடி எழுதினார்கள். கூடாரங்கள் போயின, கூலிப்படை பாதியானது. கேடயங்கள் நிஜமாகவே ரோஸில் வந்தன, பச்சையில் வந்தன, ஒன்றில் பூப்போட்டுக்கூட வந்தது. பல்லக்கா பல்லைக் கடித்துக்கொண்டு தன் வேலையைப் பார்த்தாள். ஆச்சரியம் என்னவென்றால், பக்கத்தில் ஒருத்தி தீட்டிக்கொண்டிருக்கும்போது இவள் கையும் வேகமாக ஓடியது.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜையில் ஒத்திகைப் போர் வைத்தார்கள். பல்லக்கா கார்த்தேஜ். எதிரியின் நடுப்படை நெருக்கமாக நிற்பதைப் பார்த்து, யானைகளை நேராக ஏவினாள். வெள்ளைத் தந்தக்காரன்தான் முன்னணி.

"இந்த யானைய நிறுத்த முடியாதா?" என்றாள் நாத்தனார்.

"முடியாது. முட்டினா உன் வரிசை காலி."

"அப்போ ஏன் நிறுத்தணும்? ஆஸ்பத்திரி வரிசைக்குள்ள ஸ்ட்ரெச்சர் வந்தா நாங்க மறிக்கவா செய்வோம்? வழி விட்ருவோம்." தன் வரிசைகளை இடமும் வலமும் நகர்த்தி நடுவில் சந்துகள் விட்டாள். யானைகள் அந்தச் சந்துகளுக்குள் போக, இரண்டு பக்கமும் ஈட்டி மழை. காயம்பட்ட யானை எந்தப் பக்கம் மிரண்டு ஓடும் என்பதைப் பகடைதான் சொல்லும். உருட்டினார்கள். வெள்ளைத் தந்தம் திரும்பி, பல்லக்காவின் கூலிப்படைமீதே பாய்ந்தது.

"அய்யோ, அது என் ஆளு!" என்று பல்லக்கா அலற, நாத்தனார் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வந்த நாளிலிருந்து அந்த வீடு கேட்காத சிரிப்பு. தட்டும் கையுமாக வாசலில் நின்ற கணவர், மேஜை எப்போது காலியாகும் என்று கேட்க வந்தவர், கேட்காமலே சமையலறைக்குத் திரும்பிப் போய், நின்றபடியே சாப்பிட்டார்.

டிசம்பர் போர் திட்டமிட்டதில் பாதி அளவுதான் நடந்தது. நூலக மாடியில் ரோஸ் கேடயங்களைப் பார்த்து ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பல்லக்கா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். நாத்தனார் தோற்றாள், ஆனால் கடைசிவரை விட்டுக்கொடுக்காமல் தோற்றாள். குழுவினர் அவளை அடுத்த ஞாயிறும் வரச் சொன்னார்கள்.

வருடக் கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீடு பார்த்துக் குடிபோனாள். ரோமானியர்களைக் காரில் தன் மடியில் வைத்தே கொண்டுபோனாள். சின்ன அறையில் மேஜையை மறுபடி விரித்துப் போட்டுவிட்டுப் பல்லக்கா உட்கார்ந்தாள். இடம் இருந்தது, வெளிச்சம் இருந்தது, தூரிகை எடுக்கத்தான் மனம் வரவில்லை. அப்போது போன் அடித்தது.

"அண்ணி, என் படையில குதிரைங்க பத்தாது. அடுத்த வருஷத்துக்கு முதல்ல குதிரை."

"புதுசா எதுவும் வாங்கறதில்லன்னு ஒரு விதி இருக்கே!"

"அது உங்க விதி. நான் ஏற்கெனவே ஆர்டர் போட்டாச்சு. சனிக்கிழமை வாங்க. எத்தன மாசத்துல முடிக்கலாம்னு உக்காந்து பேசுவோம்."

"எத்தன குதிரை வாங்கின?"

"அத நேர்ல சொல்றேன்," என்று நாத்தனார் போனை வைத்துவிட்டாள். பல்லக்கா செருப்பை மாட்டியபடியே கணவரைக் கூப்பிட்டாள். "ஏங்க, சனிக்கிழமை எதுக்கு? இப்பவே உங்க தங்கச்சி வீடு வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."