ஹம்ரா வளைவு இடம் மாறிய வருடம்

ஹம்ரா என்ற கல்வளைவு தன் இடத்தை விட்டுக் கிளம்பி முஸ்லிஹின் கூடாரத்துக்குப் பின்னால் வந்து நின்ற வாரத்தில்தான் டீசல் விலையும் ஏறியது. உம்மு ரத்ஃப் ஊரில் முதலில் டீசலைப் பற்றித்தான் பேசினார்கள். வளைவைப் பற்றிப் பேச அவசரம் ஏதும் இல்லை, அது எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை. மூன்று மாடி உயரத்துக்குச் சிவப்புக் கல், இரண்டு பருத்த கால்கள், நடுவே ஒரு வண்டி தாராளமாகப் புகுந்து போகிற இடைவெளி. வந்த வழி நெடுக மணலில் இரண்டு கோடுகள் இழுத்திருந்தன. அடுத்த காற்றில் அவையும் மூடிக்கொண்டன.

இதற்கெல்லாம் காரணம் முஸ்லிஹின் சோம்பேறித்தனம் என்று அவன் மனைவி தர்ஃபா சொன்னாள். தன் மரியாதைதான் காரணம் என்று முஸ்லிஹ் சொன்னான். இரண்டும் உண்மை. பாலைவனத்தைச் சுற்றிப் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்களை ஊரின் மற்ற ஓட்டுநர்கள் விடிந்ததும் ஏற்றிக்கொண்டு தெற்குக் கோடிவரை போய், மணலில் குழி தோண்டி இறைச்சி சுட்டுக் கொடுத்து, பொழுது சாய்ந்து திரும்புவார்கள். முஸ்லிஹுக்கு இடுப்பு ஒத்துக்கொள்ளாது. தவிர, மதியச் சாப்பாட்டுக்கு அவன் வீட்டில் இருந்தாக வேண்டும், அதில் அவன் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அதனால் குறுகிய சுற்று மட்டும்தான் அவன் போவான். ஒரு குடும்பம், ஒரு வண்டி, பின்னால் பெஞ்சு போட்ட அவனுடைய பழைய டொயோட்டா. பழங்காலத்து நபத்தியர்கள் கட்டிய கோவிலின் உடைந்த தூண்கள், மலைச்சரிவில் அத்திமரத்தடியில் கசிகிற ஊற்று, ஒட்டக உருவங்களும் பாத உருவங்களும் கீறியிருந்த பாறையிடுக்கு, கடைசியாக ஒரு சிவப்பு மணல்மேடு. அதோடு சரி.

அந்த மணல்மேட்டில்தான் விஷயம் ஆரம்பித்தது. மேட்டின் உச்சியில் நின்று தெற்கே இரண்டு மலைகளுக்கு நடுவிலுள்ள பிளவைக் காட்டி, அதற்கு அப்பால் ஹம்ரா இருக்கிறாள், இந்தப் பள்ளத்தாக்கிலேயே அழகி அவள்தான், ஆனால் இன்றைக்கு நேரமில்லை என்று சொல்லுவான். வந்தவர்களின் முகம் வாடும். அதைச் சமாளிக்க அவன் தெற்கே கையை உயர்த்தி, "ஹம்ரா, நீயே ஒரு தடவ நம்ம பக்கம் வந்துட்டுப் போயேன்" என்று உரக்கக் கூப்பிடுவான். அவர்கள் சிரித்துவிடுவார்கள். இந்தப் பக்கத்தில் வழியில் போகிறவனைப் பார்த்து, இறங்கு, வீட்டுக்கு வா, ஆடு அறுக்கிறேன் என்று சொல்லாமல் விட்டால் அவமானம். போகிறவனும் நெஞ்சில் கை வைத்து, இன்னொரு நாள் ஆகட்டும் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவான். அழைப்பது ஒரு மரியாதை, போகாமல் இருப்பது இன்னொரு மரியாதை என்று இருவருக்கும் தெரியும். கல்லுக்கு இதெல்லாம் தெரியாது. ஹம்ரா முழுமனதோடு அழைக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டது.

உடனே கிளம்பிவிடவில்லை. கல்லுக்கு யோசிக்கவே சில வருடங்கள் ஆகும். தெற்குக் கோடியில் வளைவின் நிழலில் தேநீர்க் கூடாரம் போட்டிருந்தவன் ஸுவைலிம், தர்ஃபாவின் தம்பி. வளைவைப் பார்க்க வருகிறவர்களுக்கு மருவு போட்ட தேநீர் கொடுத்துத்தான் அவன் குடும்பம் சாப்பிட்டது. ஒரு வசந்தத்தில் நிழல் கூடாரத்தைவிட்டு நாலு முழம் தள்ளி விழுவதைக் கண்டான். சூரியனைக் குறை சொல்லிவிட்டுக் கூடாரத்தை நகர்த்திப் போட்டான். அடுத்த வருடம் மறுபடி நகர்த்தினான். அதற்கடுத்த குளிர்காலத்தில் காய்ச்சலில் படுத்துவிட்டு எழுந்து பார்த்தபோது, வளைவு நின்ற இடத்தில் இரண்டு குழிகள் இருந்தன. ஹம்ரா பிளவைத் தாண்டி, ஊற்றையும் கோவில் தூண்களையும் கடந்து, அவன் அக்காள் புருஷன் வீட்டுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்த செய்தி அவனுக்கு ஒட்டகம் மேய்க்கிறவன் ஒருவன் சொல்லித்தான் தெரிந்தது.

ஹம்ரா வந்து நின்ற அன்று காலை தர்ஃபா ரொட்டி சுட வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தாள். ஜாஸியின் அப்பா என்று மகன் பெயரால் புருஷனைக் கூப்பிடுவது அவள் வழக்கம்.

"அபூ ஜாஸி, எழுந்து வந்து பாரு. உன் ரெண்டாந்தாரம் வந்து நிக்கிறா."

முஸ்லிஹ் எழுந்து வந்து வெகுநேரம் பார்த்தான். பிறகு தாடியைத் தடவிக்கொண்டு, "நான் சும்மா மரியாதைக்குச் சொன்னேன்" என்றான்.

"அத அவகிட்ட சொல்லு."

அது முடியாது. வந்த விருந்தாளியை மூன்று நாட்கள் ஏன் வந்தாய் என்று கேட்கக்கூடாது, அது இங்குள்ள வழக்கம். கேட்கலாம் என்ற நாள் வந்தபோது வேறொரு சிக்கல் தெரிந்தது. வளைவின் இடதுகால் கூடாரத்தின் பின்கயிற்றின் மேல் அழுந்தி நின்றது. ஒருவன் துரத்தப்பட்டு ஓடிவந்து உன் கூடாரக் கயிற்றைப் பிடித்துவிட்டால் அவன் உன் அடைக்கலம். தானாகப் போகிறவரை அவனை நீ வெளியே தள்ள முடியாது, வேறு யாரும் இழுத்துப் போகவும் விடக்கூடாது. முஸ்லிஹ் வழக்குத் தீர்க்கும் ஹாஜி முத்லக்கிடம் போய் யோசனை கேட்டான்.

"கல்லுக்கும் இது உண்டா, ஹாஜி?"

"கயித்தப் பிடிச்சுச்சா, பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு."

"அப்ப அது உன் பொறுப்பு. கல்லா, மனுசனான்னு கயித்துக்குத் தெரியாது."

அதற்குப் பிறகு முஸ்லிஹுக்கு வந்த காலம் நல்ல காலம் என்றுதான் சொல்ல வேண்டும். முழுநாள் அலைந்து பார்க்க வேண்டியதை அவனோடு போனால் சாப்பாட்டு நேரத்துக்குள் பார்த்துவிடலாம் என்று தெரிந்ததும் ஆட்கள் அவனையே தேடி வந்தார்கள். போலந்திலிருந்து வந்த பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி கையிலிருந்த படத்தையும் எதிரே நின்ற வளைவையும் மாறி மாறிப் பார்த்து, இது இங்கே இல்லையே என்றாள். இருந்ததில்லை, இப்போது வந்திருக்கிறது என்றான் முஸ்லிஹ். அவள் கணவனைப் பார்த்தாள், கணவன் தோளைக் குலுக்கினான். இருவரும் வளைவின் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தர்ஃபா அந்த நிழலில் தயிர் கடைந்தாள், துணி காயவைத்தாள், கோடையில் வீட்டுக்குள் வெக்கை குறைந்ததை மட்டும் ஒப்புக்கொண்டாள். முஸ்லிஹுக்கோ அது பக்கத்தில் நிற்பதே பிடித்திருந்தது. சாப்பிட்டுவிட்டு அதன் காலில் முதுகைச் சாய்த்து உட்காருவான். பகலெல்லாம் வாங்கிய சூடு மெல்ல இடுப்பில் இறங்கும். வலி பாதி குறைந்தது.

தெற்குக் கோடிக்கு யாரும் போகவில்லை. இரண்டு குழிகளைப் பார்க்க யார் அவ்வளவு தூரம் போவார்கள்? ஸுவைலிம் ஒரு வருடம் பொறுத்தான். அக்காள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினான். தர்ஃபா கொடுத்தனுப்பிய பாலாடைக்கட்டி திரும்பி வரவில்லை, ஆனால் நன்றி என்ற வார்த்தையும் வரவில்லை. பிறகு ஒரு மாலை அவன் ஹாஜி முத்லக்கையும் நாலு பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். முஸ்லிஹ் காப்பி ஊற்றிக் கொடுத்தான். ஸுவைலிம் குவளையை வாங்கி, உதட்டில் வைக்காமல் தன் முன்னால் தரையில் வைத்தான். மற்றவர்களும் வைத்தார்கள். கேட்க வந்ததைக் கொடுக்கிறேன் என்று வீட்டுக்காரன் சொல்லும்வரை அந்தக் காப்பியைத் தொடமாட்டார்கள். தொடாமலே எழுந்து போனால் அந்த வீட்டோடு உறவு அன்றோடு முடிந்தது.

"மச்சான், எனக்கு உம்மேல கோவம் இல்ல" என்றான் ஸுவைலிம். "நீ அவளத் திருடலன்னு தெரியும். நீ திருடுற ஆளா இருந்தா அவ்ளோ தூரம் வந்து தூக்கணுமே, அதுக்கு உன் இடுப்பு விடாது."

பெரியவர்கள் சிரித்தார்கள். ஸுவைலிம் சிரிக்கவில்லை.

"ஆனா நான் காலைல எழுந்து யாருக்கு டீ போடுறது? அந்த ரெண்டு குழிக்கா? அவள எங்க எடத்துக்கே அனுப்பி வை. அதத்தான் கேக்க வந்தேன்."

முஸ்லிஹ் தரையில் வைத்த குவளைகளைப் பார்த்தான். அனுப்புகிறேன் என்றால், கயிற்றைப் பிடித்த அடைக்கலத்தைக் கைவிட்டவன் என்று அவன் பேரன்வரைக்கும் பேர் நிற்கும். முடியாது என்றால் தர்ஃபாவுக்குத் தம்பி இல்லை. கம்பளித் திரைக்கு அந்தப் பக்கம் அவள் ஏலக்காய் இடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது நின்றிருந்தது. அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். முப்பது வருடக் குடும்பத்தில் அவள் இப்படி வாயை மூடிக்கொண்டு இருந்ததே இல்லை. ஸுவைலிமின் குவளையிலிருந்து ஆவி வருவது நின்றுபோனதை முஸ்லிஹ் கண்டான்.

"காப்பியக் குடி, மச்சான்" என்றான்.

எல்லோரும் குடித்தார்கள். எப்படி அனுப்புவாய் என்று ஒருவரும் கேட்கவில்லை, வாக்குக் கொடுத்தவனிடம் அப்படிக் கேட்பது அழகல்ல. அவர்கள் போனதும் தர்ஃபா திரையை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"எப்படி அனுப்புவ?"

"தெரியல."

"தெரியாமயா குடிக்கச் சொன்ன?"

"உன் தம்பி காப்பி ஆறிட்டு இருந்துச்சு."

தர்ஃபா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணமான புதிதில்கூட அவன்மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம் வந்ததில்லை. அதை அவனிடம் சொல்லவில்லை. "விருந்தாளியப் போன்னு சொல்ல முடியாது" என்றாள். "நாம போகலாம்ல?"

முஸ்லிஹ் தெற்கே பார்த்தான், இடுப்பைப் பிடித்துக்கொண்டான், அல்ஹம்துலில்லாஹ் என்றான். மறுநாள் கூடாரத்தைப் பிரித்து, ஆடுகளையும் அண்டாக்களையும் டொயோட்டாவில் ஏற்றினார்கள். கல் மிதித்திருந்த கயிற்றை மட்டும் அறுத்துவிட வேண்டியிருந்தது. கிளம்பும்போது முஸ்லிஹ் வளைவிடம் போய், தாங்கள் தெற்கே குடிபோவதாகவும், அங்கே வரும்படியும், ஆனால் அவசரமில்லை என்றும் சொன்னான். இந்த முறை சும்மா மரியாதைக்குச் சொல்லவில்லை. வண்டி கிளம்பியது. ஹம்ரா அசையவில்லை.

தெற்குக் கோடியில் ஸுவைலிமின் கூடாரத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இறங்கினார்கள். ஊர் முழுக்க இதே பேச்சு. விருந்தாளிக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு ஓடிய முதல் ஆள் முஸ்லிஹ்தான் என்றார்கள். மாவு வாங்க ஊருக்குப் போனால், உன் ரெண்டாவது வீட்டம்மா சௌக்கியமா இருக்கா, சாவிய நாங்க வச்சிருக்கோம் என்றார்கள். முஸ்லிஹ் தினமும் பிளவைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மதியச் சாப்பாட்டைப் பாதியில் தள்ளி வைத்தான், இது தர்ஃபாவை உண்மையிலேயே பயமுறுத்தியது. கொடுத்த வாக்கு கிடப்பது ஒரு பக்கம். அதைவிட, அந்தக் கல் இல்லாதது அவனுக்கு வெறிச்சென்று இருந்தது. முதுகைச் சாய்க்க இடமில்லை. தான் யாருக்காகவும் இப்படி ஏங்கக்கூடும் என்று அவனே நினைத்ததில்லை. ஸுவைலிம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். எப்போது வரும் என்று ஒருநாளும் கேட்கவில்லை. மாறாக, மாலையில் கெண்டியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார ஆரம்பித்தான்.

"வராட்டியும் போகுது, மச்சான்" என்றான் ஒருநாள். "அக்கா பக்கத்துல இருக்கா. டீ குடிக்க நீ ஒரு ஆள் இருக்க. காசுதான் குடுக்க மாட்டேங்கிற."

"உன் டீக்குக் காசு வேறயா? ஒட்டகம்கூட மோந்து பாத்துட்டுப் போயிடும்."

அது அறுவடைக் காலம், வடக்கே மக்கள் பார்லி அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மதியம் மூன்று பேரும் வெளியே பாய் விரித்துச் சாப்பிட உட்கார்ந்தார்கள். வெயில் ரொட்டியைக் காயவைத்துக்கொண்டிருந்தது. தர்ஃபா தட்டை எடுத்து வைத்தபோது ரொட்டியின் ஒரு ஓரம் கருத்தது. பிறகு தட்டு முழுவதும் நிழலானது, பிறகு ஸுவைலிமின் முழங்கால், பிறகு பாய். பின்னால் மணல் அழுந்துகிற சத்தம், மூட்டை இறக்கி வைப்பது போல. மூவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வந்து சேருகிறவர்களை அப்படி முறைத்துப் பார்ப்பது வழக்கமில்லை. முஸ்லிஹின் கண்ணில் தண்ணீர் கோத்தது. ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டு, காரம் அதிகம் என்று தர்ஃபாவைக் குறை சொன்னான். அதில் காரமே இல்லை.

"இந்தப் பக்கம் வந்து உக்காரு, மச்சான்" என்றான் ஸுவைலிம். "நீ சாயுற பக்கம் நான் உக்காந்திருக்கேன்."

அடுத்த வருடம் நில அளவைக்காரர்கள் இரண்டு பேர் கருவிகளோடு வந்து ஊர் எல்லையிலும் தெற்குக் கோடியிலும் அளந்தார்கள். ஸுவைலிமிடம் தேநீர் குடித்தார்கள். வரைபடத்தில் ஹம்ரா என்ற பெயருக்கு அடியில் முஸ்லிஹ் வீட்டுக்கு அருகில் என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஹம்ரா பழைய குழிகளில் போய் நிற்கவில்லை. இரண்டு கூடாரங்களுக்கும் நடுவே நின்றது, ஒரு கால் அந்தப் பக்கம், ஒரு கால் இந்தப் பக்கம். அது வந்து சேர்ந்த அன்று பொழுது சாய்ந்தபோது இரண்டு வீட்டு ஆடுகளும் அதன் அடியில் கலந்து படுத்திருந்தன. அவற்றைப் பிரித்து ஓட்ட யாரும் எழுந்து போகவில்லை.