பூசணிக்கு ஓர் ஆண் பூ

கொடியில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பெண் பூ. விடியும்போதே விரிந்துவிட்டது. வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும். அதற்குள் ஆண் பூவின் மகரந்தம் அதன் மேல் பட வேண்டும். எங்கள் கொடியிலோ மருந்துக்குக்கூட ஆண் பூ இல்லை. மொட்டைக்கூட விடாமல் எல்லாவற்றையும் என் வீட்டுக்காரரே கிள்ளி எறிந்திருந்தார்.

"காய்க்காத பூவுக்கு எதுக்குத் தண்டச்சோறு?" என்று தினமும் காலையில் கிள்ளுவார். இடது கையால்தான். வலது கையில் கட்டை விரல் மட்டுமே மிச்சம். பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்தபோது எருவைக் குறை சொன்னார், தண்ணீரைக் குறை சொன்னார், என்னையும் விட்டுவைக்கவில்லை. ஆண் பூ இல்லாமல் காய் பிடிக்காது என்று நாற்று விற்கிறவர் நேற்றுதான் என்னிடம் சொன்னார். அதை வந்து சொன்னதும் இவர் முகம் செத்துப்போயிற்று.

"இந்தப் பூவும் போச்சுன்னா கொடியப் பிடுங்கிப் போட்டுடு. நான் இனிமே மாடிக்கு வரமாட்டேன்."

சொன்னால் செய்கிற மனிதர். பட்டறையில் விரல்கள் போன பிறகு சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தவர் இவர். ஓட்டை வாளியில் நான் கொட்டிய காய்கறிக் குப்பையில் தானாக முளைத்த பூசணிதான் இவரை எழுப்பி மாடி ஏற வைத்தது. நான் கெஞ்சியும் திட்டியும் அழுதும் நடக்காததை இரண்டு இலை செய்துவிட்டது. அதன் மேல் எனக்குப் பொறாமைகூட உண்டு. ஆனால் அது போய்விட்டால் என் கதி அதோகதிதான்.

அக்கம்பக்கத்தில் பூசணி இருப்பது ஒரே வீட்டில். பின் தெருவில், இவருடைய அண்ணன் வீட்டில். தம்பியின் கை உள்ளே இருப்பதைப் பார்க்காமல் பிரஸ் மெஷின் சுவிட்சைத் தட்டியவர் அந்த அண்ணன்தான். ஆஸ்பத்திரிக்கு வந்தவரைப் பார்த்து இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதோடு பேச்சுவார்த்தை நின்றது.

இவரிடம் சொல்லாமல் கிளம்பினேன். மானம் ரோஷம் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் பூ காத்திருக்குமா?

ஓரகத்தி வீட்டில் இல்லை. நல்லதாய்ப் போயிற்று, அவள் விசாரித்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மூத்தார் மட்டும் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்க கொடியில ஒரு ஆண் பூ வேணும்." எதற்கென்று சொன்னேன்.

"அவன் கேட்டானா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. "இல்ல மாமா. நான் வந்ததே அவருக்குத் தெரியாது."

அவர் சுவரோரம் போய், நன்றாக விரிந்த பூவொன்றைக் காம்போடு பறித்தார். அதை என் கையில் கொடுக்கவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாடிடும். நடம்மா."

பூவைக் கேட்டால் ஆளே வருகிறாரே.

மாடிக் கதவைத் தள்ளியபோது இவர் கொடிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணனைப் பார்த்ததும் தாடை இறுகியது. கத்தப்போகிறார் என்றுதான் நினைத்தேன். பெண் பூவின் ஓரம் சுருளத் தொடங்கியிருந்தது. அதைப் பார்த்தார், அண்ணன் கையிலிருந்ததைப் பார்த்தார்.

"இதழ உரிச்சிட்டுக் குடு" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

அண்ணன் உரித்துக் கொடுத்தார். இவர் அதை இடது கையில் பிடித்துப் பெண் பூவுக்குள் நுழைக்கப் பார்த்தார். கொடி ஆடியது, பெண் பூ நழுவியது. வலது கையால் அதை நிறுத்த முடியவில்லை. கட்டை விரல் சும்மா துழாவியது. நான் குனிவதற்குள் அண்ணன் உட்கார்ந்து பெண் பூவைப் பிடித்துவிட்டார். தகடு பிடித்துக் காய்த்துப்போன கை, வெடவெடவென்று நடுங்கியது.

"ஆட்டாம பிடி."

அண்ணன் இறுக்கிப் பிடித்தார். பொட்டென்று ஒரு சத்தம். பூ பிஞ்சோடு ஒடிந்து அவர் உள்ளங்கையில் கிடந்தது.

அண்ணன் விரித்த கையை மடக்கவே இல்லை.

"மறுபடியும் என் கையாலதான்டா" என்றார்.

இவர் எழுந்தார். கொடியைப் பிடுங்கத்தான் போகிறார் என்று வாளிக்கு முன்னால் போய் நின்றேன். என்னை ஒதுக்கிவிட்டு, கொடியைத் தூக்கி இலை இலையாகப் புரட்டினார். நுனிக்குப் பக்கத்தில் அவர் கை நின்றது. ஓர் இலைக்கு அடியில் பச்சை மாறாத மொட்டு ஒன்று, அதன் கீழே சுண்டைக்காய் அளவுக்குப் பிஞ்சு.

"இது விரிய நாளாகும்" என்றார். "எப்ப விரியும்னு சொல்ல முடியாது. தினமும் பட்டறைக்குப் போறப்ப ஒரு பூ கொண்டாந்துடு."

"கொண்டாந்து குடுத்துட்டுப் போறேன். பிடிக்க இவளச் சொல்லு. என் கை வேணாம்டா."

"நீதான் பிடிக்கணும்ணே" என்றார் இவர். "எனக்கு இன்னொரு கை வேணும்."