சுத்தமான டேக்

பாட்டு வீடியோ எடுக்கிறவர்கள் மத்தியில் அவருக்கு 'ஒன்மோர்' என்று பெயர். எவ்வளவு அருமையாக எடுத்து முடித்தாலும் "பிரமாதம்! ஒன் மோர்!" என்பார். எதற்கு இன்னொன்று என்று கேட்டால், "எதையாவது கோட்டை விட்டிருப்பேங்க, எனக்கு என்னைத் தெரியாதா?" என்று தன்னையே கேலி செய்துகொள்வார். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் கோட்டை விட்டது எதை என்பதை மட்டும் எப்போதும் வேறு யாராவது வந்துதான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

கேமராவைப் பற்றி அவரிடம் தத்துவத்துக்குப் பஞ்சமே கிடையாது. "முகத்தைப் பார்த்துப் போனா அன்பு. விலகி வந்தா பிரிவு. மேலேர்ந்து பார்த்தா விதி. ஆடிக்கிட்டே இருந்தா கேமராமேனுக்கு இன்னும் சம்பளம் வரல." வீடே கதை சொல்லிவிடும் என்றும் சொல்வார். "பாட்டுல வர்ற பொண்ணு அழவே வேண்டாம். மேசை மேல ரெண்டு டம்ளர் வையி, ஒண்ணுல காபி ஆறிப்போய் அப்படியே இருக்கட்டும். பார்க்கிறவங்க புரிஞ்சுப்பாங்க." இதை அவர் சொல்லிக்கொண்டிருக்கிற நேரத்தில் அவர் வீட்டு மேசை மேலேயே அப்படி ஒரு டம்ளர் ஆடை படிந்து கிடக்கும். அதிலிருந்து அவர் எந்தக் கதையையும் புரிந்துகொண்டதில்லை.

இந்த முறை வந்தது காத்திருப்பைப் பற்றிய பாட்டு. வராத கணவனுக்காக ஒருத்தி வீட்டில் காத்திருக்கிறாள், அவ்வளவுதான் கதை. பாடகி சின்னப் பெண், இவரை வாய் நிறைய அண்ணா என்று கூப்பிடுகிறவள். இதுதான் அவளுக்கு முதல் வீடியோ. ஸ்டுடியோ பிடிக்க வசதியில்லை என்று அவள் தயங்கியதும், "நம்ம வீடு எதுக்கு இருக்கு?" என்று இவர் மார்தட்டிக்கொண்டார். வீட்டை எப்படிச் சோக வீடாக மாற்றுவது என்று பார்க்க லைட்மேனை அழைத்து வந்தார். லைட்மேன் கூடத்தையும் சமையலறையையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "எதையும் மாத்த வேண்டாம் சார். ரெடியாத்தான் இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட இவர்தான் அதிகம் சிரித்தார். படுக்கையறை வாசலில் நின்றிருந்த மனைவி சிரிக்கவில்லை.

மனைவிக்கு ரத்தப் பரிசோதனை செய்யும் லேபில் வேலை. வேறு ஊரில் திறக்கிற புதுக் கிளையை அவள் பொறுப்பில் விடுவதாகச் சொல்லியிருந்தார்கள். போவதில் அவளுக்குத் தயக்கமே இல்லை. கூட இவரும் வருவாரா என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது. பல நாளாகக் கேட்டுப் பார்த்தாள். "பாட்டு முடிவாகட்டும்" என்றார், "வீடு முடிவாகட்டும்" என்றார், வீடு முடிவானதும் "ஷூட்டிங் முடியட்டும்" என்றார். ஷூட்டிங் நாளும் வந்தது. லேபுக்குப் பதில் சொல்லக் கெடுவும் அன்று மதியம்தான்.

"ஒரே ஒரு வார்த்தைங்க. வர்றீங்களா, இல்லையா?"

"இதோ, இந்த ஒரு ஷாட்டு. முடிச்சிட்டு நிம்மதியா உட்கார்ந்து பேசலாம். அதுவரைக்கும் உள்ளயே இரு, வெளிய வந்தேன்னா ஃப்ரேம்ல வந்துடுவ."

அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

ஒரு ஷாட் என்றால் முழுப் பாட்டுமே ஒரே ஷாட். கேமரா வாசலில் நுழைந்து, நடை வழியாக வந்து, ஜன்னலோரம் நிற்கிற நடிகையைப் போய்ச் சேர வேண்டும். நடையின் கோடியில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து சாத்தினார். நடிகை ஒருத்தி, கண்ணாடியில் இன்னொருத்தி, ஆக தனிமை டபுள் என்பது அவர் கணக்கு. கேமராவோடு வருகிற அவர் உருவமும் அதில் அப்பட்டமாகத் தெரிந்ததுதான் தொல்லை. கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பிச் சாய்த்தார். அவர் மறைந்துபோனார். "பார்த்தீங்களா? இருக்கேன், ஆனா இல்ல!" என்று பீற்றிக்கொண்டார்.

முதல் டேக்கில் நடிகை பல்லவிக்கு முன்னாலேயே அழுதுவிட்டாள். அடுத்ததில் இவர் வயரில் கால் தடுக்கித் தத்துவத்தோடு சேர்ந்து ஆடினார். அதற்கப்புறம் ஒன்று எல்லாம் சரியாக வந்தது. "பிரமாதம்! ஒன் மோர்!" என்றார். நடுவில் விளக்கு ஒன்று அணைந்து எல்லோரும் அதைச் சுற்றி நிற்கும்போது மனைவி வெளியே வந்தாள்.

"நான் கிளம்..."

"நல்லவேளை வந்த! அந்தத் தண்ணி பாட்டில் ஃப்ரேம்ல இடிக்குது, அதை எடுத்துட்டுப் போயிடு."

அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த டேக் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. "ஓகே! சுத்தமான டேக்!" என்று அவரே கைதட்டினார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒன் மோர் கேட்கவில்லை. தலைகால் புரியாத அந்தச் சந்தோஷத்தில் மனைவியைத் தேடினார், காணோம். டியூட்டிக்கு நேரமாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, நேராகப் பாடகி தங்கியிருந்த அறைக்கு ஓடினார்.

பாடகி அந்தச் சுத்தமான டேக்கைக் கடைசிவரை பார்த்தாள்.

"அழகா இருக்கு அண்ணா. ஆனா யாரும் காத்திருக்கிற மாதிரியே இல்லையே. அந்த அக்கா நகப்பூச்சு காயறதுக்கு நிக்கிற மாதிரி இருக்கு. முன்னாடி எடுத்ததைப் போடுங்களேன்."

போட்டார். கேமரா நடையில் பாதி வந்திருக்கும், பாடகி கத்தினாள்.

"நிறுத்துங்க! கண்ணாடில யாரு?"

இவர் குனிந்து பார்த்தார். சாய்த்து வைத்த கண்ணாடி அவரை விட்டுவிட்டுப் படுக்கையறையைப் பிடித்திருந்தது. ஒரு பெண் கட்டில் விளிம்பில், மடியில் பையோடு. கேமரா நெருங்க நெருங்க நிமிர்கிறாள், பாதி எழுந்திருக்கிறாள். கேமரா ஜன்னல் பக்கம் திரும்பியதும் மெல்ல உட்கார்ந்துவிடுகிறாள்.

"அண்ணா, இதை எங்ககிட்டச் சொல்லவே இல்லையே! இவங்கதான் கதையே! எங்கேர்ந்து பிடிச்சீங்க இந்த ஆளை?"

அந்த நேரத்திலும் அவர் வாய், "அதெல்லாம் ஒரு ஐடியாதான்" என்று ஆரம்பித்துவிட்டது. அந்த வாயை வைத்துக்கொண்டு அவர் எத்தனையோ வருஷமாகப் பிழைத்துவிட்டார். பாடகி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். "அண்ணியா இது?"

அவர் மற்ற டேக்குகளையும் ஓட்டினார். எல்லாவற்றிலும் அவள் இருந்தாள். ஒன்றில் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். எல்லாம் சரியாக வந்தும் இவர் ஒன் மோர் கேட்ட அந்த டேக்கில், பை தோளுக்கு ஏறியிருந்தது. கடைசியாகச் சுத்தமான டேக்கை மறுபடி போட்டார். கண்ணாடியில் கட்டில் காலியாக இருந்தது. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் விரிப்பு மட்டும் கசங்கியிருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவள் போன பிறகுதான் அந்த டேக் அவருக்குச் சுத்தமாகியிருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"பதில் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். நான் மட்டும் வரேன்னு."

"என்னை ஒரு வார்த்தை..." என்று தொடங்கியவர், நல்லவேளையாக வாயை மூடிக்கொண்டார். பதிலுக்கு, கண்ணாடியில் அவள் இருந்த டேக்கை ஓடவிட்டுச் செல்போனை நீட்டினார். அவள் நின்றபடியே பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தார், திட்டினால்கூடத் தேவலை என்று நினைத்தார்.

"இதுல நீங்க எங்க?" என்று கேட்டாள்.

"கேமராவுக்குப் பின்னாடி. தெரியக் கூடாதுன்னுதான் கண்ணாடியைச் சாய்ச்சேன்."

"எனக்குத் தெரிஞ்சீங்க. உள்ள உட்கார்ந்து பார்த்தா அந்தக் கண்ணாடில நீங்க என்கிட்ட வர்ற மாதிரியே இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் எனக்காகத்தான் வர்றீங்கன்னு எழுந்தேன்."

முகத்தைப் பார்த்துப் போனா அன்பு. அதை ஊரெல்லாம் வகுப்பெடுத்த மனிதர் இவர்தான். அவள் போய்விட்டால் லைட்மேன் சொன்னது மாதிரி எதையும் மாற்ற வேண்டாத வீடாகத்தான் இது இருக்கும். அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

"நானும் வரேன்" என்றார்.

"ஒரு வீடியோவைப் பார்த்துட்டுச் சொல்றீங்க. நாளைக்கு வேற பாட்டு வரும்."

"வரும். நான் அப்படித்தான், தெரியும். ஆனாலும் வரேன்."

அவள் ஒரு புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். பிறகு கட்டிலைக் காட்டினாள்.

"உட்காருங்க. கையில இருக்கிற வேலையை முடிச்சிட்டு வரேன். பேசலாம்."

அவர் கட்டில் விளிம்பில் அதே இடத்தில் உட்கார்ந்தார். திருப்பி வைக்கச் சோம்பல்பட்டு விட்டுவைத்த கண்ணாடி நடைக் கோடியில் அப்படியே சாய்ந்திருந்தது. அதில் மடித்த துணிகளோடு அவள் வருவது தெரிந்தது. நேராகத் தன்னிடம்தான் வருகிறாள் என்று அவர் பாதி எழுந்தார். அவள் சமையலறைப் பக்கம் திரும்பிவிட்டாள். அவர் உட்கார்ந்தார். மறுபடி வந்தாள், மறுபடி எழுந்தார். இந்த முறை அவள் ஜன்னலோரம் காய்ந்த துண்டை உருவிக்கொண்டு போனாள்.

"இப்பப் பேசலாமா?" என்று குரல் கொடுத்தார்.

"இருங்க," என்றாள் அவள் உள்ளிருந்து, "இன்னும் ஒண்ணே ஒண்ணு."

அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.